வெட்டுப்பட்ட ஒரு ‘ன்னு’

பாலக்கோடு பஸ் நிலையத்தில் கண்டக்டரோடு தகராறு செய்து, அதில் கண்டக்டரையே ஜெயிக்க வைத்து, தான் ஏற வேண்டிய பஸ்ஸையும் கோட்டைவிட்ட ஒரே மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

அவர் ஊர் நிறுத்தத்தில் அந்த வண்டி நிற்காது. சற்றுத் தள்ளி வேகத்தடையில் மெதுவாகும், குதித்துக்கொள்ள வேண்டியதுதான். நிறுத்தச் சொல்லி இவர் பவ்யமாகக் கேட்டார். கண்டக்டர் எரிந்து விழுந்தார். பதிலுக்கு இவர் எரிந்து விழவில்லை. அதுதான் வினை.

“இருங்க. உங்க பக்கத்தை மொதல்ல நான் சொல்றேங்க, சரியான்னு பாருங்க. எல்லா ஊர்லயும் நின்னா டைம் கீப்பர் திட்றாரு. நிக்காமப் போனா ஜனங்க திட்றாங்க. ரெண்டு திட்டையும் சேத்து டிரைவர் என்னைத் திட்றாரு. விடியக்காலம் எந்திரிச்சு, ஒரு டீயை முழுசாக் குடிக்க நேரமில்லாம, ‘உள்ள போ, உள்ள போ’ன்னு கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. இதுல ஒருத்தர் வந்து எங்கூர்ல நிறுத்துங்கன்னா கோவம் வராதா? நானும் மனுசன்தானே? அப்படீன்னு நீங்க நெனைக்கறீங்க. சரிங்களா?”

கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. “அதேதாங்க சார். எங்க வூட்ல கூட இப்படி யாரும் சொன்னதில்லீங்க” என்றார். ஜன்னல் ஓரத்துப் பெண்கள் இரண்டு பேர் உச்சுக்கொட்டினார்கள். கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. இவர் தன் பக்கத்தைச் சொல்வதற்காகத் தொண்டையைச் செருமியபடி, புகைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் அவர் என் பக்கத்தை எடுத்துச் சொல்லத் தொடங்கிவிடுவார். டெல்லியில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். இப்போது கடல் தாண்டி எங்கோ பாடம் நடத்துகிறார். லீவுக்கு லீவு ஊருக்கு வந்துவிடுவார். அரசியல் கோட்பாடு அவர் துறை. உலகத்தில் அதைப் படிக்கிற பிள்ளைகள் யாரும் அவர் புத்தகத்தைத் தொடாமல் தேற முடியாது என்று ஒருமுறை பேப்பரில் போட்டிருந்தது. எங்கள் ஊரில் அவர் நிலைமை வேறு. ‘அரசியல் கோட்பாடு’ என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு முதல் சொல் மட்டும்தான் காதில் விழும்.

“அரசியலுங்களா! எந்தக் கட்சிங்க?”

“கட்சியில்லீங்க. கோட்பாடு.”

“ஓ. அது புதுசா ஆரம்பிச்சதுங்களா?”

அதனால் அவர் வந்திருக்கிறார் என்று தெரிந்தால் மனுவோடு நாலு பேர் நிற்பார்கள். பட்டா மாற்றம், தெருவிளக்கு, பென்னாகரம் போகிற பஸ் இந்த வழியாகத் திரும்புமா. ஒரு மனுவையும் அவர் வேண்டாம் என்றதில்லை. உட்கார வைத்து அவரவர் குறையை அவரவரை விட நன்றாக அவரே எடுத்துச் சொல்வார். வந்தவர்கள், காரியமே முடிந்துவிட்டது போன்ற நிம்மதியோடு திரும்பிப் போவார்கள். தெருவிளக்கு எரியாது. ஆனாலும் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை.

கட்சிக்காரர்கள் கதை அதைவிடத் தமாஷ். இரண்டு எதிரெதிர்க் கட்சிகளின் ஒன்றியப் பொறுப்பாளர்களும் என்னிடம் தனித்தனியாக, குரலைத் தாழ்த்தி, “புரொபசர் நம்ம ஆளுங்க. வெளிய சொல்லிக்க மாட்டாரு” என்று சொல்லியிருக்கிறார்கள். இருவர் பக்கத்தையும் இருவரிடமும் அவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இருவரும் ‘அதேதான்’ என்று எழுந்து போயிருக்கிறார்கள். எதிராளி வாயிலிருந்து அந்த ‘அதேதான்’ வராமல் தன் கருத்தில் ஓர் எழுத்துக் கூடச் சொல்லக்கூடாது என்பது அவர் தனக்கே போட்டுக்கொண்ட விதி. விதியில் ஓர் ஓட்டை இருந்தது. அதேதான் என்று சொன்ன பிறகு எவனும் உட்கார்ந்திருப்பதில்லை.

அவர் கல்யாணமே அப்படி நடந்ததுதான் என்பார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லத்தான் டெல்லியிலிருந்து ரயிலேறி வந்தாராம். முதலில் அம்மாவின் பக்கத்தைச் சொன்னார். “அதேதான் கண்ணு” என்று அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பாயசத்துக்கு அடுப்புப் பற்ற வைத்தார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? கட்டிக்கொண்டார். நல்லவேளை, நல்ல மனைவி.

அவருடைய அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; கைநாட்டு. மகன் எழுதியதில் ஆகத் தடித்த புத்தகம் மோர்ப்பானை மூடியின் மேல் இருக்கும். பூனை தள்ள முடியாத எடை. நான் பார்த்துவிட்டுப் பதறினேன். “லண்டன்ல அச்சடிச்சதும்மா இது!”

“அதான் நல்ல கனம்” என்றார்.

அந்தக் கனத்துக்குள் என்ன இருக்கிறது என்று நான் புரொபசரையே கேட்டிருக்கிறேன். எழுத்துத் தெரியாத ஆளின் தீர்ப்பு, எழுத்துத் தெரிந்த ஆளின் தீர்ப்புக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஆகவே ஓட்டு எல்லாருக்கும் ஒன்றுதான். இதுதான் சாரம் என்றார். முப்பது வருட உழைப்பு, நாலு தடித்த புத்தகம். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “இதுக்கெதுக்கு நாலு?”

இனி என் பங்கு. நான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வீடியோ கடை வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு. என் தைரியம் ஊரறிந்தது. ட்ரோனை மேலே ஏற்றிவிட்டு நான் மண்டபத்துக்குள் போய் நின்றுகொள்வேன். விழுந்தால் மற்றவர்கள் மேல் விழட்டும். இது போக, உள்ளூர்ச் செய்திகளுக்கென்று ஒரு யூடியூப் சேனலும் நடத்துகிறேன். அன்றுவரை அதில் அதிகம் பேர் பார்த்தது, கிணற்றில் விழுந்த மாட்டை மேலே தூக்கிய வீடியோ.

வாசகர் வட்டம் ஒன்று அவரைக் கூப்பிட்டுக் கல்யாண மண்டபத்தில் பேச வைத்தது. படம் பிடித்தவன் நான். வழக்கம் போல எதிர்த்தரப்பில் ஆரம்பித்தார்:

“தக்காளி மண்டியில ஒரு கூடையைப் பாத்து, எது பழம், எது அழுகல், எது ரெண்டு நாள் தாங்கும்னு தரம் பிரிக்கவே எத்தனை வருசப் பழக்கம் வேணும்? நாட்டை ஆள்றவனைப் பொறுக்கி எடுக்க மட்டும் பழக்கம் வேண்டாமா? கைநாட்டுக்கு எதுக்குங்க ஓட்டு? படிச்சவங்க போட்டாப் போதும். மத்தவங்க அவங்க பாட்டுக்குத் தக்காளி பறிக்கட்டும்...”

இந்த இடத்தில் அவர் வலது கை மேலே போயிருந்தது. முகத்தில் வெளிச்சம். ஃப்ரேம் என்றால் அப்படியொரு ஃப்ரேம். அடுத்த நொடியில் கை இறங்கி, “...ன்னு சொல்றாங்க. இது எவ்வளவு பெரிய தப்புங்கறதை இப்பப் பாக்கலாம்” என்று வருகிறது. கை இறங்கினால் அழகு போய்விடும் என்று, கை மேலே இருக்கும்போதே வெட்டினேன். சத்தியமாக அழகுக்காகத்தான். ‘பாலக்கோடு புரொபசர் பரபரப்புப் பேச்சு’ என்று தலைப்பு வைத்து ஏற்றிவிட்டு, அதே மெமரி கார்டைச் சுத்தமாகத் துடைத்து மறுநாள் காதுகுத்துக்கு எடுத்துப் போனேன். அவர் பேச்சு இருந்த இடத்தில் இப்போது ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் எனக்கு ஒரே குஷி. மாட்டைத் தாண்டிவிட்டார் புரொபசர்! இரண்டாம் நாள் டீக்கடையில் ஒருவர், “கைநாட்டுக்கு ஓட்டு இல்லீங்களாமே? எங்கூட்டுத் தக்காளி மட்டும் இனிக்குதாமா?” என்று கேட்டார். டீ என் மூக்கில் ஏறியது. மண்டி முழுக்க அதே பேச்சு. பல்கலைக்கழகத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டார்கள். வெளிநாட்டில் ஒரு பெரிய சொற்பொழிவுக்கு அழைத்திருந்தவர்கள், ‘இப்போது வர வேண்டாம்’ என்றார்கள். இதையெல்லாம் விடக் கொடுமை, படித்தவர்களுக்கு மட்டும் ஓட்டு வேண்டும் என்று ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். அவர்கள் இவரைத் தலைவராக்கித் தீர்மானமே போட்டுவிட்டார்கள்.

முப்பது வருடத்தை இரண்டு எழுத்தில் கவிழ்த்தவன் நான்! பயத்தில் கடைப் போர்டைத் திருப்பி மாட்டினேன். ஹெல்மெட்டோடு டீ குடிக்க முயன்றேன். முடியாது, முயல வேண்டாம். கடைசியில் ஒகேனக்கல் ஓடிப் போய், யாருக்கும் அடையாளம் தெரியாமல் இருக்கட்டும் என்று எண்ணெய் மசாஜுக்குக் குப்புறப் படுத்துக்கொண்டேன். மசாஜ்காரர் முதுகில் எண்ணெய் ஊற்றினார். இன்னொரு கையில் போன். போனில் புரொபசர் குரல்: “கைநாட்டுக்கு எதுக்குங்க ஓட்டு?”

“பாத்தீங்களா சார் இதை? நானும் கைநாட்டுதாங்க” என்றார் மசாஜ்காரர். “இந்தாளு மட்டும் என் கையில கெடைச்சா, எண்ணெயே இல்லாம தேச்சிருவேன்.” சொல்லிக்கொண்டே அந்த ‘இந்தாளு’வின் விலா எலும்புகளை என் உடம்பில் தேடினார். அந்த எண்ணெயோடேயே வண்டியைத் திருப்பி, நேராக அவர் வீட்டுக்குப் போய் இறங்கினேன்.

அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து புளியை நசுக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலிலேயே கையைக் கூப்பினேன். “சார், அதை வெட்டினது...”

“வாங்க வீடியோக்காரரே. இருங்க, உங்க பக்கத்தை நான் சொல்றேங்க.” சுத்தியலைக் கீழே வைத்தார். “பேச்சு ஒரு மணி நேரம். எவன் உக்காந்து பாப்பான்? சின்னதா வெட்டினாத்தான் நாலு பேர் பாப்பாங்க. கெட்ட எண்ணம் துளியும் இல்ல. கை மேல இருந்தப்ப படம் நல்லா இருந்துச்சு. அது இப்படி ஆகும்னு கனவுலயும் நெனைக்கல. அப்பறம் பயம். பயந்தவனுக்கு ஓடத்தான் தெரியும். ஓடிப் பாத்தேன், முடியல, வந்துட்டேன். அப்படீன்னு சொல்ல வந்தீங்க. சரிங்களா?”

என்னை என் மனைவி கூட இவ்வளவு நல்லவனாகப் பார்த்ததில்லை. “அதேதாங்க சார்” என்றேன். மூக்கையும் உறிஞ்சிக்கொண்டேன்.

அவர் சிரித்தார். “பாருங்க, இதையே இங்கிலீஷ்ல பேசியிருந்தாத் தப்பிச்சிருப்பேங்க. ‘அவங்க சொல்றாங்க’ங்கறது அங்க மொதல்லயே வந்துரும். நம்ம பாசையில அது கடைசி பெட்டியில ஏறுது. நீங்க கடைசி பெட்டியைக் கழட்டி விட்டுட்டீங்க.”

இரண்டு பேரும் சிரித்தோம். பாரம் இறங்கிய சந்தோஷத்தில் நான் எழுந்து, கும்பிட்டு, வண்டியை உதைத்தேன். அப்போது அம்மா, தலை நிமிராமல், புளியைப் பார்த்தே சொன்னார்:

“எல்லாரும் அங்கதான் எந்திரிக்கறாங்க.”

திரும்பிப் பார்த்தேன். புரொபசர் தொண்டையைச் செருமியபடி உட்கார்ந்திருந்தார். வண்டி கிளம்பிவிட்டது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அந்த ஒரு வாக்கியம் வீடு வரைக்கும் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.

இரண்டு நாள் கழித்து, மண்டிக்காரர்கள் அவரை நேரில் வந்து பதில் சொல்லச் சொன்னார்கள். வந்தார். நானும் ஒரு கூடை மறைவில் நின்றேன். தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி, “உங்க கோவத்தை மொதல்ல நான் சொல்றேங்க” என்றார். நான் கூடைக்குப் பின்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். ‘ஐயா சாமி, இன்னிக்கு ஒரு நாளாவது உங்க பக்கத்தைச் சொல்லித் தொலையுங்களேன்!’

கேட்பாரா? “வெயில்ல நாங்க காயணும், மழையில நாங்க நனையணும், நாங்க வெளைவிச்சதைத் தின்னு வளந்த ஒருத்தன் டெல்லிக்குப் போயி, கோட்டு மாட்டிக்கிட்டு வந்து, உனக்கு எதுக்கு ஓட்டுன்னு எங்களையே கேக்கறானே...” கூட்டம் கொதித்துவிட்டது. அவர்களுக்கே தெரியாத அவமானங்களை எல்லாம் ஒன்றொன்றாக எடுத்துக் கொடுத்தார். “அதேதான்! அதேதான்!” என்று ஊரே கத்தியது. சரியாக அந்த நேரத்தில் ஏல மணி அடித்தது. அவ்வளவுதான். தக்காளி காத்திருக்குமா? துண்டை உதறிக்கொண்டு அத்தனை பேரும் ஏலத்துக்குப் போய்விட்டார்கள்.

பெட்டி மேல் அவர் மட்டும். தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. தைரியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அது பயத்தின் முற்றிய நிலை. ஏலம் கூவுகிறவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். “அவர் மேல தப்பில்லீங்க! வெட்டினது நான்தாங்க! நல்லாப் பேசிக்கிட்டு இருந்த மனுசனை நடுவுல வெட்டிட்டேங்க! தடயத்தையும் துடைச்சுட்டேங்க! வீடியோவைச் சொல்றேங்க!”

அன்று மதியத்துக்குள் அது மாவட்டம் முழுக்கப் பரவிவிட்டது. ‘பாலக்கோடு மண்டியில் கொலை ஒப்புதல்.’ எவனோ எடுத்திருக்கிறான், நல்ல தொழில்காரன். ‘வீடியோவைச் சொல்றேங்க’ என்பதற்குச் சரியாக முன்னால் வெட்டியிருந்தான்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். பக்கத்தில் வாக்குமூலம் எழுதும் ரைட்டர்.

“யாரைய்யா வெட்டின?”

“மனுசனை இல்லீங்க சார். ‘ன்னு’வைங்க.”

“அன்னுவா? அது எந்த ஊர்ப் பொண்ணு?” என்று ரைட்டர் பேனாவைத் திறந்தார்.

விளக்க விளக்கச் சிக்கல் கூடியது. ‘கடைசி பெட்டியைக் கழட்டிட்டேன்’ என்றேன். ரயில்வே கேஸும் சேரும் போலிருந்தது. அந்த நேரத்தில் வாசலில் புரொபசர் வந்து நின்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் எஸ்.ஐ.க்கு வணக்கம் சொல்லி உட்கார்ந்து, “சார், மொதல்ல உங்க பக்கத்தை நான் சொல்றேங்க” என்றார். வந்த உயிர் திரும்பிப் போயிற்று.

“ஒரு ஆள் மைக்கைப் பிடிச்சு வெட்டினேங்கறான். தடயத்தை அழிச்சேங்கறான். ஊர் ஏற்கனவே கொதிச்சுக் கெடக்குது. இவனை விட்டுட்டு நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, மேலதிகாரி என்னையத்தான் கேப்பாரு. உள்ள வெச்சு விசாரிக்கறதுதான் முறை. அப்படீன்னு நீங்க நெனைக்கறீங்க. சரிங்களா?”

“அதேதான் சார்!” எஸ்.ஐ. முகம் மலர்ந்துவிட்டது. “ரைட்டர், சார் சொன்னதை அப்படியே எழுதிக்குங்க.” அவர் போன் அடித்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எழுந்துவிட்டார். அதே இடம். எல்லாரும் எழுகிற அதே இடம்.

நான் ஓடிப் போய்க் கதவை மறித்துக்கொண்டேன். போலீஸ் ஸ்டேஷன் கதவை. உள்ளேயிருந்து. “உக்காருங்க சார்! இன்னும் அவர் பக்கம் வரலீங்க!” என்று கத்தியது என் குரல்தான் என்று எனக்கே சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. ரைட்டர் பேனாவைக் கீழே போட்டார். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார்.

புரொபசர் வழக்கப்படி தொண்டையைச் செருமினார். பிறகு, வழக்கப்படி எல்லாரும் போய்விட்டார்களா என்று நிமிர்ந்து பார்த்தார். யாரும் போகவில்லை. அவருக்கு அது பழக்கமில்லாத விஷயம். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கொஞ்சம் திணறினார்.

“எங்கம்மா கைநாட்டுங்க” என்றார். “அந்த வீடியோவை யாரோ அம்மாகிட்டயே கொண்டாந்து காட்டியிருக்காங்க. ‘எனக்கு ஓட்டு வேண்டாமா கண்ணு?’ன்னு கேட்டாங்க. நான் எழுதினது பூரா அவங்களை நெனைச்சு எழுதினதுங்க. எனக்குச் சோறு எறங்கல. இவர் மேல எனக்குக் கோவங்க. ரொம்பக் கோவம். இப்பவும் இருக்குது.”

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்க்கிறேன். கோபத்தைக் கூட மெதுவாக, அடுக்கி அடுக்கித்தான் வைத்தார்.

ரைட்டர் புதிதாக ஒரு தாள் எடுத்தார். ‘மேற்படி பேராசிரியரின் வாக்கியத்தின் கடைசியில் வந்த “என்று” என்னும் சொல்லை நான் வெட்டிவிட்டேன்’ என்று நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் நகல்தான் பிறகு கடல் தாண்டிப் போய்ப் பல்கலைக்கழகத்தின் வாயை அடைத்தது. சொற்பொழிவுக்காரர்களும் திரும்ப அழைத்தார்கள். மண்டியில் கூடை கூடையாகப் போய் நானே சொன்னேன். இரண்டு அழுகல் தக்காளி வாங்கிக்கொண்டதோடு அதுவும் தீர்ந்தது. இதெல்லாம் அப்புறம்.

அப்போது எஸ்.ஐ. கேட்டார். “கோவம்னு நீங்களே சொல்றீங்க. அப்ப இவரை என்ன சார் பண்ணலாம்? உங்களுக்கு என்ன வேணும் இவர்?”

அவர் என்னைப் பார்த்தார். வியர்வை வடிகிற முகம், கதவோடு ஒட்டிய முதுகு, தாழ்ப்பாளை விடாத கை.

“விட்டுருங்க சார்” என்றார். “இவர் எனக்கு வேண்டியவர்.”

ரைட்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாக்கியத்தின் கடைசியில் ஒரு ‘ன்னு’ வரும், வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.